சந்திரம்மாள் வாங்கிய மதிப்பெண்

எங்கள் கணக்கெடுப்பில் மிக அதிக மதிப்பெண் வாங்கியவர் பிள்ளைப்பாக்கம் சந்திரம்மாள். இந்த மதிப்பெண் அதிகமாக இருப்பது நல்லதல்ல. மனநோய் வந்தவர்களை ஒருவர் எவ்வளவு தூரம் ஒதுக்கிவைக்கிறார் என்பதைக் காட்டும் எண் அது. அந்தக் கேள்வித்தாளில் எட்ட முடிந்த உச்சம் எதுவோ அதை அவர் எட்டினார். சில வாரம் கழித்து அதே கேள்விகளை மறுபடி கேட்டபோதும் அதே உச்சத்தை எட்டினார். போன மாதம் இறந்துவிட்டார். எங்கள் அறிக்கையில் அவரைப் பற்றி இருப்பது அந்த எண் மட்டும்தான். அதிலும் பெயர் கிடையாது. மீதியை இங்கே எழுதிவைக்கிறேன்.

சந்திரம்மாளுக்கு ஐம்பத்தெட்டு, அறுபது வயது இருக்கும். கேட்கும் ஆளைப் பொறுத்து வயதைச் சொல்வார். முதியோர் உதவித்தொகைக்கு ஒரு வயது, வாக்காளர் அட்டைக்கு ஒரு வயது. ஒரு காலத்தில் அவர்களுக்கு நெல் விளைந்த நிலமும் நாலைந்து தென்னையும் இருந்தன. நிலம் தொழிற்பேட்டைக்குப் போனபிறகு மிஞ்சிய மனையில் வரிசையாக ஆறு அறைகள் கட்டினார்கள். சிமென்ட் ஷீட் கூரை, எல்லாருக்கும் பொதுவாக ஒரு குழாய், கோடியில் இரண்டு கழிவறை. வெள்ளையடித்து முடித்த கையோடு கணவர் இறந்துபோனார். "வாடகை வாங்கற சொகத்த பாக்காமயே பூட்டாரு" என்பார் சந்திரம்மாள். பேருந்தைத் தவறவிட்ட ஒருவரைப் பற்றிச் சொல்கிற குரல்தான் அதற்கும்.

அறைகளில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரகடம் கம்பெனிகளில் வேலைபார்க்கும் தென்மாவட்டத்துப் பையன்கள். ஒருவன் ஷிப்ட் முடிந்து வந்து படுக்கும்போது இன்னொருவன் எழுந்து பல் துலக்குவான். சந்திரம்மாள் வீட்டில் இரண்டே சட்டங்கள். பகலில் யாராவது தூங்கிக்கொண்டிருந்தால் பாட்டுப் போடக் கூடாது. கம்பெனி ஷூவைக் கதவுக்கு வெளியே, சுவரைப் பார்த்துக் கழற்றிவைக்க வேண்டும். இரண்டாவது சட்டத்துக்குக் காரணம் கேட்டேன். "நாத்தம் செவுத்துக்குப் போட்டும்" என்றார்.

நான் முதலில் அங்கே போனது தண்டலம் பக்கத்துக் கல்லூரி ஒன்று நடத்திய ஆய்வுக்காக. பேராசிரியர் பகலவன்தான் அதற்குத் தலைவர். மனநோய் வந்தவர்களை இந்தப் பகுதியில் யார் அதிகம் ஒதுக்குகிறார்கள், உள்ளூர் வீட்டுக்காரர்களா, வெளியூரிலிருந்து வந்த தொழிலாளர்களா என்று ஒப்பிட்டுப் பார்ப்பது திட்டம். கேள்வித்தாள் வெளிநாட்டில் தயாரானது. தமிழாக்கி, சரிபார்த்து, எங்கள் கையில் இருந்த டேப்லெட்டில் ஏற்றியிருந்தார்கள்.

"வணக்கம்மா, காலேஜ்லேர்ந்து வர்றோம். உங்க பேரு எங்கயும் வராது. உங்க பேரு சொல்லுங்க" என்று ஆரம்பித்தேன்.

"வராத பேரு உனுக்கு எதுக்கு?"

சொன்னார். பிறகு குழாயடிக் கல்லில் உட்கார்ந்துகொண்டார். முதல் வாக்கியத்தைப் படித்தேன். மனநலப் பிரச்சினை இருந்த ஒருவருக்கு என் வீட்டை வாடகைக்கு விட எனக்குத் தயக்கமில்லை. முழுமையாக ஒத்துக்கொள்கிறேன் என்பதில் தொடங்கி முழுமையாக மறுக்கிறேன் என்பது வரை ஐந்து பதில்கள்.

"அஞ்சு இன்னாத்துக்கு? வுட மாட்டேன். இருக்கறதுலயே கெட்டியான மாட்டேன் எதுவோ அத போட்டுக்கோ."

"அவருக்கு முழுசா குணமாயிட்டா?"

"கொணமானவன் எதுக்கு என் வூட்டுக்கு வர்றான்? அவன் ஊருக்குப் போவட்டும்."

"அவங்ககூட சேர்ந்து வேலை செய்வீங்களா?"

"மாட்டேன்."

"பக்கத்துல உக்காந்து சாப்பிடுவீங்களா?"

"நான் யார் பக்கத்துலயும் உக்காந்து துன்றதில்ல. சரி, மாட்டேன்னு போடு."

இப்படியே போனது. கல்யாணத்துக்குப் பெண் கொடுப்பீர்களா என்ற கேள்வி வந்தபோது மட்டும் கொஞ்சம் நிறுத்தி, பிறகு "மாட்டேன்" என்றார். அந்த நேரம் இரவு ஷிப்ட் முடிந்து ஒரு பையன் உள்ளே வந்தான். ஒல்லி. ஷூவைச் சுவரைப் பார்த்து வைத்தான். சந்திரம்மாள் என்னிடமிருந்து முகத்தைத் திருப்பாமலேயே அவனிடம் பேசினார்.

"டேய் அருளு, அடுப்பாண்ட டீ கீது. குடிச்சிட்டு மாத்திரைய போடு. போட்டுட்டு அட்டைய என்கிட்ட காட்டு."

"காட்டுதேன்மா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்: "சுகரு."

"இந்த வயசுலயா?"

"சுகருக்கு வயசு தெரியுமா இன்னா? நீ அடுத்த கேள்விக்கு வா."

வீட்டுக்காரர்களை முடித்துவிட்டு ஹாஸ்டலுக்குப் போனோம். ஹாஸ்டல் என்பது கம்பெனிக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரர் ஒருவர் எடுத்திருந்த மூன்று மாடிக் கட்டடம். ஒரே கட்டிலில் ஷிப்டுக்கு ஒருவராகப் படுப்பார்கள். அங்கே எங்களுக்குக் கிடைத்தது வேறு விதமான வரவேற்பு. நாற்காலி போட்டார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். எந்த வாக்கியத்தைப் படித்தாலும் பாதியிலேயே "ஆமா மேடம்" வந்தது.

மணிகண்டபிரபு என்ற பையன்தான் எல்லாரையும்விடச் சுறுசுறுப்பு.

"மனநலப் பிரச்சினை இருக்கிறவரோட ஒரே ரூம்ல தங்குவீங்களா?"

"கண்டிப்பா மேடம்."

"சந்தோஷமா?"

"சந்தோஷமா மேடம். இங்கயே அந்த மாதிரி ஒருத்தன் இருந்தாம்லா. எங்கூட ஒரே ரூம்தான்."

"இப்ப எங்க இருக்கார்?"

"பிள்ளைப்பாக்கம் பக்கம் போயிட்டான் மேடம். அவன் பெட்டியை நாங்கதான் தூக்கிட்டுப் போயி ரோட்டுல வச்சோம். பெரிய பெட்டி. அவன் ஒத்தையா தூக்க முடியாதுல்லா. உதவி செஞ்சோம்."

உதவி செய்யத் தயாராக இருக்கிறேன் என்று ஒரு வாக்கியமும் தாளில் இருந்தது. அதற்கும் ஆமா.

பதில்களையெல்லாம் கூட்டிப் பார்த்தபோது படம் மிகத் தெளிவாக வந்தது. உள்ளூர் வீட்டுக்காரர்கள் மனநோயாளிகளைக் கடுமையாக ஒதுக்குகிறார்கள். வெளியூர்ப் பையன்கள் ஏறக்குறைய ஒதுக்குவதே இல்லை. வீட்டுக்காரர்களிலும் முதலிடம் சந்திரம்மாளுக்கு. மறுபடி போய்க் கேட்டுப் பார்த்ததிலும் யாரும் பெரிதாக மாறவில்லை. சந்திரம்மாள் ஒரு பதிலில்கூட மாறவில்லை. நான் இரண்டாவது முறை வாயைத் திறக்கும் முன்பே, "போன வாட்டி சொன்ன அதே மாட்டேன்தான், எல்லாத்துக்கும் போட்டுக்கோ" என்றார். எல்லாவற்றையும் படித்துத்தான் ஆகவேண்டும் என்றதும், மனநோய் உள்ளவர்கள் ஆபத்தானவர்கள் என்பதற்கு மட்டும் ஆமா, மற்ற ஒவ்வொன்றுக்கும் மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே கீரை ஆய்ந்தார்.

ஆய்வில் இதற்கு நம்பகத்தன்மை என்று பெயர். திரும்பக் கேட்டாலும் அதே பதில் வருவது. அந்தக் கணக்கில் அந்தப் பகுதியிலேயே மிக நம்பகமான மனுஷி சந்திரம்மாள்.

பகலவன் சாருக்கு இது பிடிக்கவில்லை.

"என் மாமனாரும் இப்படித்தான்" என்றார். "எத்தனை தடவை கேட்டாலும் வேண்டாம்பார். ரொம்ப நம்பகமான மனுஷன். அவருக்கு என்ன வேணும்னு எங்களுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது."

அவர் திரையில் இரண்டு வாக்கியங்களைக் காட்டினார். மனநோய் உள்ளவர்கள் ஆபத்தானவர்கள் என்பது ஒன்று. அவர்களோடு ஒரே அறையில் தங்க எனக்கு மகிழ்ச்சி என்பது இன்னொன்று. ஹாஸ்டல் பையன்கள் இரண்டுக்கும் ஆமா சொல்லியிருந்தார்கள். ஆபத்தானவர்களோடு மகிழ்ச்சியாகத் தங்கத் தயாராக இருக்கும் இளைஞர்கள். தாளில் நல்லவிதமாக எழுதிய வாக்கியங்களே அதிகம் என்பதால், எல்லாவற்றுக்கும் ஆமா சொல்பவர் நல்லவராகிவிடுகிறார்.

"ஒரு கடையில முக்கால் கிலோ கல்லு வச்சு நிறுத்திருக்கோம், இன்னொரு கடையில ஒரு கிலோ கல்லு. ரெண்டு எண்ணையும் பக்கத்துல பக்கத்துல எழுதி, எந்தக் கடைக் கத்திரிக்காய் கனம்னு கட்டுரை போடப் போறோம்" என்றார். "கேள்வி ஒண்ணுதான். ஆனா அது அவங்க காதுல விழும்போது ஒரே கேள்வியா இருக்கான்னு பாக்கலியே. போய் உக்காந்து பேசுங்க. என்ன பதில்னு கேக்காதீங்க. நாம கேட்டப்ப அவங்களுக்கு என்ன தோணுச்சுன்னு கேளுங்க."

முதலில் மணிகண்டபிரபுவைக் கேட்டேன். அவனுக்கு அதில் ஒளிக்க எதுவும் இல்லை.

"எங்களுக்கு அடிக்கடி ஆடிட்டு வரும் மேடம். வெளிநாட்டுக்காரன் கோட்டுப் போட்டு, கையில டேப்லெட்டோட வருவான். என்ன கேப்பான், என்ன சொல்லணும்னு லைன் லீடர் முந்துன நாளே சொல்லிக் குடுத்துருவாரு. கிளவுஸ் தாறாங்களா? ஆமா. ஓட்டி, அதான் ஓவர்டைம், உங்க விருப்பமா? ஆமா. இல்லன்னு சொன்னா ஏன் இல்லன்னு கேப்பான், லைன் நின்னுரும். உங்க கையிலயும் அந்த மாதிரி டேப்பு இருந்துச்சுல்லா, நாங்க ஆடிட்டுன்னுல்லா நெனச்சோம்."

"பிறகு ஆடிட் இல்லைன்னு தெரிஞ்சதா?"

"ஆமா மேடம்" என்றான். அது எந்த ஆமா என்று தெரியவில்லை.

சந்திரம்மாளிடம் போனபோது அவர் துவைத்த துணியைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். நான் மூன்றாவது முறையாகக் கேள்வி கேட்க வந்திருக்கிறேன் என்று நினைத்து, "மாட்டேன்" என்றார். கேள்வி இல்லை, பேசத்தான் வந்தேன் என்றேன். டேப்லெட்டைப் பைக்குள் வைக்கச் சொன்னார். வைத்தேன். பையை மூடச் சொன்னார். மூடினேன்.

பிறகு தென்னை மரங்களைப் பற்றிச் சொன்னார். நிலம் எடுக்கும் முன்பு யாரோ வந்து ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை மரம், எத்தனை கிணறு என்று கேட்டு எழுதினார்களாம். மரத்துக்கு வரி போடப்போகிறார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. கிளப்பியவர் யார் என்பது இன்றுவரை சண்டையில் இருக்கிறது. எல்லாரும் தங்கள் மரத்தைத் தங்களுடையதில்லை என்று சொன்னார்கள். சந்திரம்மாளின் கணவர், காய்த்துக் கிடந்த தென்னைகளுக்குக் கீழே நின்றுகொண்டு, அவை பட்டுப்போய்விட்டன என்றார். அப்படியே எழுதிக்கொண்டு போனார்கள். நிலத்துக்கு இழப்பீடு வந்தபோது மரத்துக்கும் உண்டு என்று தெரிந்தது. பட்ட மரத்துக்குக் கிடையாது.

"அடுத்த வாட்டி ஆளுங்க வந்தப்போ ஊரே சேந்துகினு ராவோட ராவா மாங்கன்னு நட்டுச்சு. ஈர மண்ண பாத்துட்டு அவுங்க சிரிச்சிகினு பூட்டாங்க. அதுலேர்ந்து எங்க ஊர்ல எவன் எழுத வந்தாலும், இவன் கேக்கற கேள்வி இன்னா, கேக்காத கேள்வி இன்னான்னு மொதல்ல பாப்போம்."

"நான் கேக்காத கேள்வி என்னம்மா?"

கொடியில் கடைசித் துணி ஒரு கம்பெனிச் சட்டை. அதை உதறிப் போட்டுவிட்டு, அன்று ஷிப்ட் முடிந்து வந்த அந்த ஒல்லிப் பையன் அருள்பாண்டியின் அறைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார்.

"நீ வுடுவியான்னு கேட்ட. வுடுவேன்னு சொல்றேன். நீ எழுதிகினு போற. அடுத்த வாரம் வேற ஒருத்தன் வர்றான். 'அம்மா நீ வுடுவேன்னியாமே, எந்த ரூம்ல வுட்டுகீற'ன்னு கேக்கறான். நான் அப்போ இன்னா சொல்றது?"

அருள்பாண்டி சங்கரன்கோவில் பக்கத்துப் பையன். ஹாஸ்டலில் இருந்தபோதுதான் அவனுக்கு உடம்பு கெட்டது. யாரோ தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதாகக் கேட்கும். ஊருக்குக் கூட்டிப்போய் வைத்தியம் பார்த்து, கேட்பது நின்று, திரும்ப வேலைக்கு வந்தான். மாத்திரையை விடக் கூடாது, தினமும் ஒரே இடத்தில் நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். ஹாஸ்டல் கட்டிலில் அது நடக்கிற காரியமில்லை. மாத்திரையை யாருக்கும் தெரியாமல் போட்டுக்கொண்டான். ஒருநாள் உடன் தங்கியிருந்தவர்கள் அட்டையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கைப்பேசியில் மருந்தின் பெயரைப் போட்டுப் பார்த்தார்கள். அன்றுதான் பெட்டி ரோட்டுக்குப் போனது.

பெட்டியோடு நேராக இங்கே வந்து அறை கேட்டான். கேட்கும்போதே சொல்லிவிட்டான்.

"'எனக்கு காதுல சத்தம் கேக்கும்மா, மாத்திர போடுதேன், இப்ப கேக்கறதில்ல'ன்னான். 'நீ சத்தம் போடுவியா?'ன்னு கேட்டேன். 'போட மாட்டேன்'னான். அப்போ எனுக்கு இன்னா? சத்தம் போடறவன் பூரா பக்கத்து ரூம்ல கீறான்."

"பயமா இல்லையா?"

"இல்லாம? மத்தவன்லாம் ரூம் கேக்க வந்தப்போ தண்ணி போட மாட்டேன், சிகரெட்டு புடிக்க மாட்டேன், மொத தேதி வாடகை குடுப்பேன்னு சத்தியம் பண்ணான். எல்லாம் டூப்பு. வந்ததுலயே இவன் ஒருத்தன்தான் அவனப் பத்தி அவனே கெட்டது சொன்னான். மீதிய நான் கண்டுபிடிக்க வேணாம் பாரு."

அவரை நல்லவராக்கி எழுதுவது எனக்குச் சுலபம். அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை. அவருடைய மகன் ரகு சுங்குவார்சத்திரத்தில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் சில நேரம் மகளை அழைத்துவருவார். பேத்தி வருகிற நாளில் சந்திரம்மாள் அருள்பாண்டியை, "இன்னிக்கி ஓட்டி பாத்துட்டு வாடா" என்று அனுப்பிவிடுவார். ஓட்டி இல்லாத நாளிலும் அனுப்புவார். அவன் ஒரகடம் கூட்டுரோடு பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு வருவான். ஏன் என்று அவனும் கேட்டதில்லை.

"பொண்ணு குடுக்க மாட்டேன்னு சொன்னேனே," என்றார் கடைசியாக, "அது ஒண்ணு நெஜமா சொன்னது."

எங்கள் ஐந்து பதில்களில் இது எந்தக் கட்டத்தில் வரும் என்று யோசித்தேன். பொய்யாகச் சொன்ன மாட்டேனுக்கும் நிஜமாகச் சொன்ன மாட்டேனுக்கும் ஒரே கட்டம்தான் இருந்தது.

ரகுவுக்கு வேலை வேன் ஓட்டுவது. ஹாஸ்டல் பையன்களைக் கம்பெனிக்கு ஏற்றி இறக்குவார். மணிகண்டபிரபு அவர் வேனில்தான் போவான். அவன் உதவி செய்கிற சுபாவம் உள்ளவன் என்பதால், ஒருநாள், "அண்ணாச்சி, உங்க அம்மா வீட்டுலயா அருள்பாண்டி இருக்கான்? பாத்துக்கிடுங்க, அவனுக்கு மண்டையில கொஞ்சம் கோளாறுல்லா" என்று சொல்லிவிட்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரகு வந்தபோது நான் அங்கே இருந்தேன். ரகு மகளை அழைத்துவரவில்லை. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இன்னாம்மா, வூட்ல மெண்டல வெச்சிகினு கீறியா?"

"எவன்டா சொன்னான்?"

"வேன்ல பசங்க சொல்றானுங்க. இன்னிக்கே காலி பண்ண சொல்லு. தெரிஞ்சா மத்த பசங்க எவன் இருப்பான்? எல்லா ரூமும் காலியாப் பூடும். புள்ளைய வேற இட்டாறேன் நானு."

அருள்பாண்டி அறைக்குள் இருந்தான். கதவு பாதி திறந்திருந்தது. மற்ற அறைக் கதவுகளும் ஒவ்வொன்றாகத் திறந்தன. வெளியே போகச் சொன்னால் அவன் அறையோடு வேலையையும் விட்டுவிட்டு ஊருக்குப் போகவேண்டியதுதான். ஹாஸ்டலில் சேர்க்க மாட்டார்கள். இந்தப் பேச்சு கம்பெனி கேட் வரை போனால் ஒப்பந்தக்காரர் மறுநாளே பெயரை எடுத்துவிடுவார். அது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும்.

சந்திரம்மாள் என்னைப் பார்த்தார்.

"தோ கீதே இந்தப் பொண்ணு, காலேஜ்லேர்ந்து வந்து என்னைய கேட்டுச்சு. மூள சரியில்லாதவனுக்கு ரூம் வுடுவியான்னு. நான் இன்னா சொன்னேன்? சொல்லும்மா அவன்கிட்ட."

ஒருவர் சொன்ன பதிலை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது என்பது ஆய்வின் முதல் விதி. பதில் சொன்னவரே சொல்லச் சொன்னால் என்ன செய்வது என்பதற்கு விதி இல்லை.

"வுட மாட்டேன்னு சொன்னாங்க" என்றேன்.

"எத்தினி வாட்டி?"

"ரெண்டு தடவை."

"கொணமானவனுக்கு?"

"அதுக்கும் மாட்டேன்னுதான் சொன்னாங்க."

"இந்தச் சுத்துப்பட்டுல இதுல நான்தான் ஃபஸ்ட்டு, தெரியுமா? கேளுடா அத."

முதல் மதிப்பெண் விஷயத்தை நான் அவரிடம் சொன்னதில்லை. ஆனால் பொய் இல்லை. தலையாட்டினேன்.

ரகு என்னைப் பார்த்தார், என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தார். அதில் கல்லூரி முத்திரை இருந்தது.

"அப்போ அவன் போடற மாத்திரை?"

"சுகரு."

"சுகருன்னா போன தீவாளிக்கு குடுத்த லட்ட மூணு துன்னான்?"

"அதனாலதான்டா மாத்திரை."

ரகு பாதி திறந்திருந்த கதவை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றி, சுவரைப் பார்த்து வைத்துவிட்டு, சாப்பிட உட்கார்ந்தார். திறந்த கதவுகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. அவர் நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. அருள்பாண்டி அன்று போகவில்லை.

பகலவன் சார் முதல் கணக்கெடுப்பைக் கட்டுரையாக்கவில்லை. இரண்டு குழுக்களையும் இந்தத் தாளை வைத்து ஒப்பிட முடியாது என்று நிதி கொடுத்தவர்களுக்கு எழுதினார். அவர்களும் மரியாதையாகவே வருத்தப்பட்டார்கள். அடுத்த வருடம் புதிய தாள் வந்தது. மனநோய் என்ற சொல்லே அதில் இல்லை. ஒரு ஆளைப் பற்றிய சின்னக் கதை. அவனுக்கு என்ன நேர்ந்தது என்று சொல்லி, உங்கள் தெருவில் இருப்பவர்கள் இவனை என்ன செய்வார்கள், நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்கும். நல்ல வாக்கியமும் கெட்ட வாக்கியமும் சரிபாதி. நாங்கள் வாயால் கேட்கக் கூடாது. காதில் ஹெட்போன் மாட்டிவிடுவோம். கேள்வி காதுக்குள் கேட்கும். பதிலுக்குத் திரையில் வண்ணப் பொத்தானைத் தொட வேண்டும். நாங்கள் தள்ளி நிற்போம். யார் எதைத் தொட்டார்கள் என்று எங்களுக்கும் தெரியாது.

சந்திரம்மாளுக்கு ஹெட்போன் மாட்டியபோது அவர் ஏற்கெனவே கொஞ்சம் நொண்டிக்கொண்டிருந்தார். காலில் ஒரு புண் ஆறாமல் இருந்தது. கல்லில் உட்கார்ந்து, கேள்வியைக் கேட்டு, பொத்தானைத் தொட்டார். தொட்டுக்கொண்டே, ஆறு அறைக்கும் கேட்கும்படி கத்தினார்:

"வுட மாட்டேன்!"

"அம்மா, வாயால சொல்ல வேண்டாம், தொட்டா போதும்" என்று சைகை காட்டினேன்.

"சேக்கவே மாட்டேன்!" என்றார், அடுத்த பொத்தானைத் தொட்டபடி.

வாய் சொன்னதைத்தான் விரலும் தொட்டதா என்பது யாருக்கும் தெரியாது. அவருடைய பதில் மற்ற எல்லாருடைய பதிலோடும் பெயரில்லாமல் கலந்துவிட்டது. பிள்ளைப்பாக்கத்து வீட்டுக்காரர்களின் மதிப்பெண் இந்த முறை நன்றாக இறங்கியிருந்தது. ஹாஸ்டல் பையன்களுடையது ஏறியிருந்தது. இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நின்றன. பகலவன் சார் அதைப் பார்த்துவிட்டு, "இப்ப கல்லு சரியா இருக்கு போலிருக்கு" என்றார். அதற்கு மேல் மகிழ்ச்சி காட்டவில்லை.

காலில் புண் ஏன் ஆறவில்லை என்று சந்திரம்மாளை டாக்டரிடம் அழைத்துப்போனது அருள்பாண்டிதான். ரத்தத்தைப் பரிசோதித்துவிட்டு, சர்க்கரை மிக அதிகம், பல வருடமாக இருந்திருக்கும் என்றார்கள். அந்த வீட்டில் சுகர் இருந்தது அவருக்கு.

"அவனுக்கு சுகரு சுகருன்னு சொல்லி எனுக்கே வந்துட்ச்சி" என்று எல்லாரிடமும் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். அதன்பிறகு காலையில் இரண்டு பேரும் குழாயடியில் நின்று அவரவர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, அவரவர் அட்டையை மற்றவரிடம் காட்டுவார்கள். அருள்பாண்டி ஒழுங்காகக் காட்டுவான். சந்திரம்மாள் சில நாள் பழைய அட்டையைக் காட்டி ஏமாற்றுவார். எழுதுகிறவர்களையும் கேட்கிறவர்களையும் ஏமாற்றியே பழகியவர். அவன் கண்டுபிடித்தால், "போ பொறவு போடறேன், ஆடிட்டு மாதிரி வந்து நிக்காத" என்பார்.

கால்விரலை எடுத்தார்கள். பிறகு பாதத்தையும் எடுக்க வேண்டும் என்றார்கள். அதற்கு அவர் ஒத்துக்கொள்ளவில்லை. எத்தனை டாக்டர்கள் எத்தனை முறை கேட்டும் அதே பதில். புண்ணின் விஷம் உடம்பில் ஏறி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்றே இறந்துவிட்டார். எனக்குச் செய்தி சொன்னது அருள்பாண்டி. "அம்மா இறந்துட்டாங்க" என்று சொல்லிவிட்டு, "நான் மாத்திர போட்டுட்டேன்" என்றான். நான் கேட்கவில்லை. வேறு யாரிடம் சொல்வதென்று தெரியாமல் இருந்திருக்கும்.

காரியத்தன்று போனேன். வீடு இனி ரகுவுடையது. அறைகளை இடித்துவிட்டு மாடி கட்டப்போவதாக ஒரு பேச்சு, பழைய ஆட்களை மாற்றப்போவதாக ஒரு பேச்சு. அருள்பாண்டி தன் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துக் கதவோரம் வைத்திருந்தான். அதே பெரிய பெட்டி. அதைப் பற்றி நான் கேட்கவில்லை. அவன் காலையிலிருந்து பந்தலுக்கு நாற்காலி தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தான்.

சாப்பாட்டுப் பந்தியில் அறைப் பையன்கள் எல்லாரும் ஒரு வரிசையாக உட்கார்ந்தார்கள். எதிர் வரிசையில் ஊர்க்காரர்கள். வேனில் வரும் பையன்கள் சிலரும் வந்திருந்தார்கள். மணிகண்டபிரபு அருள்பாண்டிக்கு இரண்டு இலை தள்ளி உட்கார்ந்திருந்தான். ரகுவின் மகள் தண்ணீர்ப் பாட்டிலை ஒவ்வொரு இலைக்கும் வைத்துக்கொண்டு வந்தாள். அருள்பாண்டி முன்னாலும் வைத்தாள். ரகு பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

சோறு முடிந்து பாயசம் வந்தது. வாளியைத் தூக்கி வந்தது ரகுவின் மைத்துனர். அருள்பாண்டியின் இலைக்கு நேராகக் கரண்டியைச் சாய்க்கப்போனார். பந்தலின் அந்தக் கோடியிலிருந்து ரகு சத்தம் போட்டார்.

"யோவ், அவனுக்கு ஊத்தாத! சுகரு அவனுக்கு. அம்மா இருந்தப்பவே எத்தினி வாட்டி சொல்லிகீது!"

இரண்டு வரிசையும் நிமிர்ந்து பார்த்தன. மணிகண்டபிரபு ரகுவைப் பார்த்தான், அருள்பாண்டியைப் பார்த்தான், பிறகு தன் இலையைப் பார்த்துச் சாப்பிட்டான். மைத்துனர் வாளியோடு அடுத்த இலைக்கு நகர்ந்தார்.

அருள்பாண்டிக்குப் பாயசம் என்றால் உயிர். சுகர் இருப்பவர்கள் செய்வதுபோலக் கையை இலைக்கு மேலே குறுக்கே வைத்து, "வேண்டாம்ணே, எனக்கு ஆவாது" என்றான். அடுத்த சுற்று வந்தபோதும் கையை எடுக்கவில்லை.

சாப்பிட்டு எழுந்ததும் அவன் பெட்டியைக் கதவோரத்திலிருந்து எடுத்து, கட்டிலுக்கு அடியில் தள்ளினான்.